அன்றாடம் பாட்டுக் கேட்க ஓர் ஐஇஎம்: தேர்ந்தெடுக்கும் முறை

"எந்த மாடல் வாங்கலாம்?" என்ற கேள்வியோடுதான் ஐஇஎம் வகை இயர்போன் வாங்க நினைக்கும் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அதற்கு முன் விடை காண வேண்டியது, பாட்டை எங்கே இருந்து கேட்கப் போகிறோம் என்பதற்கு. மஞ்சக்குப்பத்தில் இரவு பத்து மணிக்கு மேல், மின்விசிறிச் சத்தம் மட்டுமே உள்ள அறையில் கேட்பவருக்கும், காலையில் கடலூர்ப் பேருந்து நிலையத்தில் ஏறி ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவருக்கும் ஒரே இயர்போன் சரிப்பட்டு வராது. பின்னவரின் தலைக்கு மேல் பேருந்தின் ஸ்பீக்கர் ஒரு பாட்டை முழங்கிக்கொண்டிருக்கும். அதையும் மீறிக் காதுக்குள் இன்னொரு பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும்.

இன்-இயர் மானிட்டர் என்பதைத்தான் சுருக்கமாக ஐஇஎம் என்கிறோம். காதுமடலின் பள்ளத்தில் அமர்ந்துகொண்டு, சிலிகான் டிப்பால் செவிக்குழாயை அடைத்து, ஒலியை நேராக உள்ளே செலுத்தும் இயர்போன் இது. இதன் வயர் காதின் மேல்பக்கமாகச் சுற்றிக்கொண்டு பின்னால் இறங்கும். செவிக்குழாயை அடைத்துத் துல்லியமாகக் கேட்கும் இந்த முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 1991இல் வெளிவந்த எட்டிமோட்டிக் நிறுவனத்தின் இஆர்-4. மேடைக் கலைஞர்களுக்காக அவரவர் காதின் அச்செடுத்துச் செய்து தரும் தொழில், 1995இல் ஜெர்ரி ஹார்வி தொடங்கிய அல்டிமேட் இயர்ஸ் நிறுவனத்தோடு பரவலானது. மேடையில் பாடுபவருக்குத் தன் குரலும் தாளமும் பிசகில்லாமல் கேட்பதே தேவை. வீட்டிலும் பேருந்திலும் கேட்கும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே, அட்டைப்பெட்டியில் 'மானிட்டர்', 'ஸ்டூடியோ' என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதிகம் மயங்க வேண்டாம். அந்தச் சொற்களுக்கு விலை உண்டே தவிர, அவை காதில் கேட்பதில்லை.

ஐஇஎம் வெளிச்சத்தத்தைத் தடுப்பது மின்சுற்றால் அன்று, வெறும் அடைப்பால். இப்படி அடைப்பதில் ஓர் இயல்பு உண்டு: ஹாரன், நடத்துநரின் விசில், பக்கத்து இருக்கையின் பேச்சு ஆகிய உயர்ந்த, நடுத்தர அதிர்வெண் ஒலிகளை அது நன்றாகக் குறைக்கும், என்ஜினின் தாழ்ந்த உறுமலை அந்த அளவுக்குக் குறைக்காது. ப்ளூடூத் இயர்பட்களில் உள்ள இரைச்சல் நீக்க வசதி இதற்கு நேர்மாறாக, தாழ்ந்த உறுமலில்தான் வல்லமை காட்டும். நாள்தோறும் பேருந்திலேயே இரண்டு மணி நேரம் போகிறது, பாட்டின் நுணுக்கத்தைவிட அமைதியே முக்கியம் என்பவர் நல்ல இரைச்சல் நீக்க இயர்பட் வாங்குவதே பொருத்தம் என்று தயங்காமல் சொல்வேன். அறையிலும் அலுவலகத்திலும் ஓரளவு பயணத்திலும் கேட்பவர், கொடுத்த காசுக்கு ஒலியின் தரமே பெரிது என்று நினைப்பவர், பேட்டரி தேய்ந்து ஓரிரு ஆண்டுகளில் தூக்கிப் போடும் பொருளை விரும்பாதவர் ஆகியோருக்கு வயருள்ள ஐஇஎம் ஏற்றது. கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சிக்கு மட்டும் தேவைப்படுபவர் இரண்டையுமே தவிர்க்கலாம். செவிக்குழாய் அடைபட்டிருக்கும்போது ஒவ்வோர் அடியும் மண்டைக்குள் 'தொம் தொம்' என்று இடிக்கும். பின்னால் வரும் சைக்கிள் மணியும் கேட்காது.

பொருத்தமே முதல் தேர்வு

காதுக்குப் பொருந்தாத ஐஇஎம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை. டிப் செவிக்குழாயைக் காற்றுப் புகாமல் அடைத்தால்தான், பத்து மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சிறு தகடு தாழ்ந்த ஸ்வரங்களை முழுமையாகக் காதுக்குள் எழுப்ப முடியும். ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது அந்தத் தாழ்ந்த ஒலிகளே. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கம், வெறும் தட்டலாகத் தேயும். பேஸ் கிட்டார் காணாமல் போகும். மிச்சமிருக்கும் உயர்ந்த ஒலிகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதால் 'கத்துகிறது' என்று தோன்றும். வாங்கிய இரண்டாம் நாளே "இதில் பேஸே இல்லை" என்று குறைபட்டுக்கொள்பவர்களில் பலருக்குக் கோளாறு இயர்போனில் இல்லை, டிப்பில்தான் இருக்கிறது.

பெட்டியில் பெரும்பாலும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு டிப்கள் இருக்கும். நடுத்தரம் ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும். பலர் அதையே கடைசிவரை பயன்படுத்துகிறார்கள். அப்படிச் செய்யாமல், ஓர் அரைமணி நேரம் ஒதுக்கி மூன்றையும் இரண்டு காதிலும் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும். வலது காதுக்கு நடுத்தரமும் இடது காதுக்குச் சிறியதும் பொருந்துவது மிகச் சாதாரணம். ஒருவருடைய இரண்டு செவிக்குழாய்களும் ஒரே வடிவில் இருப்பதில்லை. சிவப்புப் புள்ளியோ சிவப்பு எழுத்தோ உள்ளது வலது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வயரைக் காதின் மேலாகச் சுற்றிவிட்டு, எதிர்க் கையால் காதுமடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஐஇஎம்மைச் சற்றே திருகியபடி உள்ளே செலுத்த வேண்டும். மடலை இழுக்கும்போது வளைந்திருக்கும் செவிக்குழாய் நேராவதால் டிப் மடங்காமல் போய் அமரும்.

அமர்ந்துவிட்டதா என்று அறிய எளிய சோதனைகள் போதும். தாழ்ந்த ஒலி நன்றாக வரும் ஒரு பாட்டை ஓடவிட்டு, ஐஇஎம்மின் உடலான இரண்டு கூடுகளையும் விரலால் லேசாக உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் திடீரென்று கூடினால் டிப் சிறியது, அல்லது போதிய ஆழத்தில் இல்லை என்று பொருள். பிறகு வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று முனகுங்கள். உங்கள் குரல் இரண்டு காதிலும் ஒரே அளவில் உள்ளுக்குள் முழங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முழங்கினால் மறுபக்கம் காற்று கசிகிறது. அடுத்து வாயை அகலத் திறந்து மூடுங்கள், ஒரு முறுக்கைக் கடித்து மெல்லுங்கள். தாடை அசையும்போது செவிக்குழாயின் வடிவமும் மாறும். சரியான டிப் அந்த அசைவையும் தாங்கும். பெரிய டிப் போட்டால் கசிவு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். அளவுக்கு மீறிய டிப் உள்ளே போகாமல் வாயிலிலேயே மடிந்து, அந்த மடிப்பின் வழியே காற்றை விடும். அரைமணி நேரத்தில் காதும் வலிக்கும்.

சிலிகான் ஒத்துவராதவர்களுக்கு ஃபோம் டிப் இருக்கிறது. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உருட்டி ஒல்லியாக்கிச் செலுத்தி, விரியும்வரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அடைப்பு அருமையாக இருக்கும். உயர்ந்த ஒலிகளின் கூர்மையைச் சற்று மழுக்கும். ஆனால் வியர்வையையும் காதுமெழுகையும் அது உறிஞ்சிக்கொள்ளும். நம் கடலோரத்துப் புழுக்கத்தில் சில மாதங்களிலேயே கெட்டுப் பிசுபிசுத்துவிடும். ஆதலால் இதைத் தொடர்செலவாகக் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். சிலிகான் டிப்களிலும் துளையின் அகலத்தைக் கவனிக்கலாம். பொதுவாக அகலத் துளை உயர்ந்த ஒலிகளைத் திறந்து காட்டும். குறுகிய துளை பேஸைக் கொஞ்சம் முன்னிறுத்தும். இருநூறு முந்நூறு ரூபாய் டிப் மாற்றத்தால், ஐஇஎம்மையே மாற்றியது போன்ற வேறுபாடு கிடைப்பதுண்டு.

டிப்பை மாற்றலாம், கூட்டை மாற்ற முடியாது. ஆகவே மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு அளவுகளைப் படங்களிலும் மதிப்புரைகளிலும் தேடிப் பாருங்கள்: டிப் மாட்டும் நாசிலின் தடிமன், கூட்டின் பருமன். காது சிறிதாக உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்களும் பள்ளி கல்லூரிப் பிள்ளைகளும், ஆறு மில்லிமீட்டரை நெருங்கும் தடித்த நாசிலைத் தவிர்ப்பது நல்லது. ஒலி எழுப்பும் பாகங்களான டிரைவர்கள் பலவற்றை அடக்கிய பெரிய ரெசின் கூடுகள் காதுமடலின் உட்பக்கத்தில் எங்காவது ஓரிடத்தில் உரசும். கடையில் ஐந்து நிமிடம் போட்டால் தெரியாத அந்த உரசல், ஒரு மணி நேரக் கச்சேரியில் தாங்க முடியாததாகிவிடும்.

உங்கள் பாட்டுக்கு ஏற்ற ட்யூனிங்

தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று வடிவமைப்பதே ட்யூனிங். இயற்கையாகத் திறந்திருக்கும் காதில், செவிக்குழாயே ஒரு சிறு குழலைப் போல் ஒத்ததிர்ந்து ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் பகுதியின் ஒலியைப் பெருக்கித் தருகிறது. மனிதக் குரலின் தெளிவு பெருமளவில் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஐஇஎம் செருகியதும் இந்த இயற்கையான பெருக்கம் குலைந்துவிடும். ஆகவே இழந்ததை ஈடுசெய்யும் வகையில் அந்தப் பகுதியை ஒரு மேடாக உயர்த்தித்தான் நல்ல ஐஇஎம்மை வடிவமைக்கிறார்கள். மதிப்புரையாளர்கள் வெளியிடும் அதிர்வெண் வரைபடத்தில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே காணப்படும் மேடு இதுதான். அதைக் குறையென்று நினைத்துவிட வேண்டாம். மேடு போதாமல் இருந்தால் பாடகர் இரண்டடி பின்னால் போய் நிற்பார். மிகுந்தால் முகத்துக்கு நேரே வந்து கத்துவார்.

இந்த மேடு எவ்வளவு இருக்க வேண்டும், பேஸ் எவ்வளவு இருக்க வேண்டும் என்று, பலரைக் கேட்கவைத்து அவர்களின் விருப்பத்தைத் திரட்டி வகுத்ததே ஹார்மன் இலக்கு எனப்படும் வளைகோடு. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வுகளின் விளைவு அது. காதுக்குள் செருகும் இயர்போனுக்கான அதன் 2019ஆம் ஆண்டு வடிவத்தை இன்று பலர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு மாடல் அந்தக் கோட்டிலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல் நம் பாட்டுக்கு உதவுமா கெடுக்குமா என்று யோசிப்பதே வரைபடத்தின் பயன். வரைபடத்தின் வலக்கோடியை, அதாவது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை, அவ்வளவாக நம்பவும் வேண்டாம். 711 என்று அழைக்கப்படும் செயற்கைக் காதுக் கருவியில்தான் பெரும்பாலான அளவீடுகள் எடுக்கப்படுகின்றன. அந்தக் கருவியின் ஒத்ததிர்வே 8,000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு கூர்முனையாகப் படத்தில் தோன்றும். உங்கள் காதில் அந்த முனை அதே இடத்தில் இருக்காது.

நம் பாட்டுகளுக்கு வருவோம். 1950, 60களின் திரைப்பாடல்களை விரும்பிக் கேட்பவர்களுக்கு, அவை பெரும்பாலும் மோனோ பதிவுகள் என்பதால், 'மேடை அகலம்', 'கருவிகளின் பிரிப்பு' என்று விளம்பரப்படுத்தப்படும் அம்சங்களுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். உயர்ந்த ஒலிகளைத் தூக்கிக் காட்டும் ஐஇஎம்மில் அந்தப் பழைய நாடாக்களின் இரைச்சல்தான் முதலில் கேட்கும். குரல் பகுதி இயல்பாகவும் மேல்பகுதி அடக்கமாகவும் உள்ள, சற்றே வெதுவெதுப்பான ட்யூனிங் அவற்றுக்குப் போதும். எண்பதுகளின் பாட்டுகள் வேறு உலகம். பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நில்லாமல் தனியொரு மெட்டாகவே ஓடும் பாட்டுகள் அவற்றில் ஏராளம். வயலின் கூட்டம் ஒரு பக்கமும் புல்லாங்குழல் மறுபக்கமும் நிற்கும். அந்த பேஸ் ஓட்டத்தை ஸ்வரம் ஸ்வரமாகப் பின்தொடர முடிகிறதா என்பதுதான் இங்கே தேர்வு. பேஸ் மிகுந்த ஐஇஎம்மில் அதிர்வு இருக்கும், ஆனால் ஸ்வரம் தெரியாது. 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை பேஸ் வழிந்து வந்தால், ஆண் குரலின் அடிப்பகுதியும் அதோடு சேர்ந்து குழம்பும். இன்றைய பாட்டுகளில் ஐம்பது ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கும் மின்னணு பேஸ் இருப்பதால், அவற்றை மட்டுமே கேட்பவர் அடியில் சற்றுத் தூக்கலான மாடலை வாங்கினால் குற்றமில்லை.

நாகஸ்வரமும் தவிலும் ஐஇஎம்முக்குக் கடுமையான சோதனை. நாகஸ்வரம் இரட்டைச் சீவாளியால் ஒலிக்கும், மேல்சுரங்கள் செறிந்த கருவி. 3,000 ஹெர்ட்ஸ் மேடு சற்று மிகையானாலும் அது காதைக் குத்தும். கோயில் பிராகாரத்தில் தொலைவிலிருந்து கேட்டு மகிழ்ந்த கருவி, செவிப்பறைக்கு இரண்டு சென்டிமீட்டரில் வந்து நிற்கும்போது பொறுமை இழக்கவைக்கலாம். கச்சேரிப் பதிவுகளைப் பெரிதும் கேட்பவர், தம்புராவின் சுருதி பின்னணியில் அறுந்துபோகாமல் தொடர்ந்து கேட்கிறதா, மிருதங்கத்தின் வலந்தலை நாதமும் தொப்பியின் கும்கியும் தனித்தனியே பிரிந்து நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். கடைசியாக, 'ச', 'ஸ', 'ஷ' ஒலிகள் நிறைந்த ஒரு பெண் குரல் பாட்டை ஓடவிடுங்கள். அந்த எழுத்துகள் வரும் இடங்களிலெல்லாம் ஊசி குத்துவதுபோல் சீறினால், 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையில் அந்த மாடல் எல்லை மீறுகிறது. இந்தக் குறை பழகப் பழகச் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

ட்யூனிங் முற்றிலும் பிடித்தமாக இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ போன்ற செயலிகளில் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றி இறக்கிப் பெரும்பாலான குறைகளைச் சமன் செய்துவிடலாம். ஆனால் பொருத்தமின்மையை எந்தச் செயலியும் சரிசெய்யாது.

டிரைவர் எண்ணிக்கை

ஒலியை எழுப்பும் பாகமே டிரைவர். மென்படலமும் கம்பிச்சுருளும் கொண்ட டைனமிக் வகை, காதுகேட்புக் கருவிகளிலிருந்து வந்த பேலன்ஸ்டு ஆர்மச்சர் வகை, தட்டைப் படலம் முழுவதும் ஒரே சீராக இயங்கும் பிளேனார் வகை ஆகிய மூன்றும் பரவலாக உள்ளவை. விளம்பரங்களில் "ஒரு பக்கத்துக்கு எட்டு டிரைவர்" என்று எழுதியிருப்பார்கள். எண்ணிக்கை கூடுவதால் மட்டும் ஒலி கூடிவிடாது; அவற்றை ஒன்றோடொன்று இசைவாகப் பிரித்து ஓட்டும் வேலை கடினமானது, குறைந்த விலையில் அது பெரும்பாலும் அரைகுறையாகவே முடிகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்குபவர் ஒற்றை டைனமிக் டிரைவர் உள்ளதை எடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

வயர், இணைப்பு, போன்

கழற்றி மாட்டும் வயர் உள்ளதையே வாங்குங்கள். ஐஇஎம்மில் முதலில் பழுதாவது வயர்தான், அதிலும் ஜாக்குக்கு அருகிலுள்ள முதல் இரண்டு அங்குலம். 0.78 மில்லிமீட்டர் இருமுனை இணைப்பும், எம்எம்சிஎக்ஸ் என்ற வட்ட இணைப்பும் பரவலானவை. முதலாவதை நேராகப் பிடித்து உருவ வேண்டும். கோணலாக இழுத்தால் முனை வளையும். இரண்டாவது எந்தப் பக்கமும் சுழலும், ஆனால் அடிக்கடி கழற்றினால் தளர்ந்து ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கும். மாற்று வயர் வாங்கும்போது இணைப்பின் வகையும் அளவும் ஒன்றேதானா என்று சரிபார்க்க வேண்டும். போன் பேசவும் இதையே பயன்படுத்தப் போகிறவர் மைக் உள்ள வயரைக் கேட்டு வாங்க வேண்டும். மைக் உள்ளதும் இல்லாததும் என இரண்டு வகையாகவே பல மாடல்கள் விற்கப்படுகின்றன.

போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் வேறொன்றும் தேவையில்லை. ஐஇஎம்கள் பெரும்பாலும் 16 முதல் 32 ஓம் வரை மின்மறுப்பு உடையவை. ஒரு மில்லிவாட் கொடுத்தாலே நூறு டெசிபலைத் தாண்டும் உணர்திறன் உள்ளவை. 32 ஓம் ஐஇஎம்முக்கு அந்த ஒரு மில்லிவாட்டைத் தர 0.18 வோல்ட் போதும். எந்தப் போனாலும் முடியும். தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொல்லும் அறிவுரையை இந்தக் கணக்கை வைத்தே ஒதுக்கிவிடலாம்.

துளை இல்லாத போனுக்கு டைப்-சி டாங்கிள், அதாவது ஜாக்கைச் செருக இடம் தரும் சிறு அடாப்டர், வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ நூறு ரூபாய்க்குத் தொங்கும் அடாப்டர்களில் ஒரு வகைக்குள் ஒன்றுமே இருக்காது, வெறும் வயர்தான். போனே ஒப்புமை (அனலாக்) ஒலியை டைப்-சி வழியே அனுப்பினால் மட்டும் அது வேலை செய்யும், பல போன்கள் அப்படி அனுப்புவதில்லை. டிஜிட்டல் ஒலியை மாற்றித் தரும் டேக் சிப் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு, முடிந்தால் உங்கள் போனிலேயே கடையில் செருகி ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். ஆப்பிளின் டைப்-சி அடாப்டர் அளவில் சிறியதானாலும் நல்ல டேக் உடையது. ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் ஒலியளவு முழுமையாக எழும்பாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பாட்டுக் கோப்பின் தரத்தைப் பற்றி ஒரு சொல். ஸ்ட்ரீமிங் செயலியின் அமைப்புகளில் 'தானியங்கி' என்றிருப்பதை 'உயர்தரம்' என்று மாற்றிவிட்டால் போதும். அதற்கும் மேலான, எந்த விவரமும் இழக்காத லாஸ்லெஸ் கோப்பின் வேறுபாட்டை ஓடும் பேருந்தில் கண்டறிவது யாருக்கும் அரிது.

விலையும் வாங்குமிடமும்

ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் ரூபாய் வரையிலான தட்டில் இன்று கிடைக்கும் தரம், பத்தாண்டுகளுக்கு முன் இதைப் போல் பல மடங்கு கொடுத்தாலும் எளிதில் கிடைத்திருக்காது. சீன நிறுவனங்களின் போட்டியே அதற்குக் காரணம். மூன்ட்ராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் ஸீரோ 2 ஆகிய இரண்டும் பத்து மில்லிமீட்டர் ஒற்றை டைனமிக் டிரைவர், கழற்றும் இருமுனை வயர் கொண்டவை. முதன்முதலாக வாங்குபவர் இந்த வகையில் தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது. மேடையிலும் பயன்படுத்த வேண்டும், அடைப்பு பலமாக இருக்க வேண்டும் என்பவர்கள் ஷூர் எஸ்இ215ஐப் பார்க்கலாம். விலை கூடுதல், உயர்ந்த ஒலிகள் அடங்கியவை, ஆனால் காதில் ஆழ்ந்து உட்காரும். ஐயாயிரத்துக்கு மேல் போகப் போக, கூட்டும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் கிடைக்கும் முன்னேற்றம் சிறுத்துக்கொண்டே வரும். அதற்குமேல் செலவழிப்பது தேவையால் அன்று, ஆசையால். ஆசை தவறில்லை, ஆனால் அதைத் தேவை என்று பெயர் சூட்டி வீட்டில் கணக்குக் காட்ட வேண்டாம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள மொபைல் கடைகளில் ஐஇஎம் என்று கேட்டால் பெரும்பாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயையோ இயர்பட்டையோதான் எடுத்து வைப்பார்கள். "பேஸ் நல்லா அதிரும் சார்" என்பதே அங்கே கிடைக்கும் விளக்கம். நேரில் பல மாடல்களைப் பார்க்க விரும்புவோர் சென்னை ரிச்சி தெருவரை போய் வரலாம். மற்றபடி இணையத்தில் வாங்குவதே வழக்கமாகிவிட்டது. அப்படி வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: விற்பவர் இந்தியாவில் உத்தரவாதம் தருகிறாரா, காதில் செருகும் பொருள் என்ற காரணத்தைச் சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிறாரா, மறுத்தாலும் பழுதுக்கு மாற்றித் தருகிறாரா. பெட்டியைப் பிரிக்கும்போது போனில் ஒரு காணொளி எடுத்துக்கொள்வது பின்னால் வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

வந்த அன்றே சோதித்துவிட வேண்டும். இடது வலது சோதனை ஒலியை ஓடவிட்டு, பக்கம் மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். பிறகு குரல் நட்டநடுவில் நிற்கும் ஒரு பழைய மோனோ பாட்டைக் கேளுங்கள். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால், இரண்டு கூடுகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் காதில் பிடித்துப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் பழுது பெரும்பாலும் ஐஇஎம்மில் அல்லது வயரில், அதே பக்கத்தில் நின்றால் டிப் உங்கள் காதில் அமரும் விதத்தில் அல்லது காதில். செருகும்போது மட்டும் 'கிறுக்' என்று காகிதம் நசுங்குவது போன்ற ஒலி வந்தால் பதற வேண்டாம். காற்றழுத்தத்தால் டைனமிக் டிரைவரின் படலம் வளைவதால் வருவது அது. மெதுவாகச் செருகினால் நின்றுவிடும். பாட்டு ஓடும்போதும் வந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள்.

ஒலியளவும் காதின் நலமும்

பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. குழந்தைகளுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். பேருந்துச் சத்தத்தை வெல்ல ஒலியளவைக் கூட்டுவதே பெரும்பாலோர் காதைக் கெடுத்துக்கொள்ளும் வழி. நன்றாக அடைக்கும் டிப் இருந்தால் அந்தத் தேவையே எழாது. வீட்டின் அமைதியில் உங்களுக்குப் பிடித்த அளவை வைத்து, போனில் அந்த எண்ணை நினைவில் கொள்ளுங்கள். பேருந்திலும் அதைவிட ஓரிரு படிக்கு மேல் போக வேண்டாம். இருசக்கர வாகனம் ஓட்டும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொள்வது, அதுவும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், எந்த விதத்திலும் ஏற்கத்தக்கதல்ல.

புழுக்கமான கடலோர ஊர்களில் காதில் பூஞ்சைத் தொற்று எளிதாக வரும். குளித்த ஈரத்தோடு செருகாமல் காது உலர்ந்த பிறகே செருகுங்கள். ஒருவர் டிப்பை மற்றவர் பயன்படுத்தக் கொடுக்காதீர்கள். அரிப்போ நீர்வடிதலோ இருந்தால் எண்ணெய் ஊற்றுவது, பட்ஸால் குடைவது ஆகிய கைவைத்தியங்களை விட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை ஐஇஎம்மை எடுத்து வைத்துவிடுங்கள்.

உப்புக்காற்று இணைப்பு முனைகளைப் பச்சை பிடிக்கவைக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்டு முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கூட்டையும் வயரையும் துடைத்து, மருந்துப் புட்டிகளிலும் புதுச் செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். வயரை விரலில் இறுகச் சுற்றாமல், உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாகச் சுருட்ட வேண்டும். டிப்களை வாரம் ஒருமுறை கழற்றி, சோப்புநீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டலாம். கூட்டின்மீது தண்ணீர் படக்கூடாது. நாசில் முனையிலுள்ள மெல்லிய வலையில் காதுமெழுகு படிந்தால் அந்தப் பக்கம் ஒலி குறையும். அப்போது ஐஇஎம்மைத் தலைகீழாக, வலை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தட்டித் துடைத்தால் மெழுகு உள்ளே விழாமல் வெளியே உதிரும். ஊசியால் குத்தினால் வலை கிழியும். சிலிகான் டிப் தளர்ந்து நாசிலைப் பிடிக்காமல் வந்தால் தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள். கழற்றும்போது டிப் மட்டும் செவிக்குழாய்க்குள் தங்கிவிட்டால் அதை எடுக்கவும் மருத்துவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.